ஆறாம் வகுப்பில் சிபிஎஸ்இ-க்கு மாற்றலாமா?

கேள்வி: என் மகள் எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். ஆறாம் வகுப்புக்குத் தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் சேர்த்தால்தான் நீட் தேற முடியும், மாநிலப் பாடத்திட்டம் வெறும் மனப்பாடம் என்கிறார் என் அண்ணன். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில், ஒருமுறை தவறவிட்டால் திரும்பக் கிடைக்காத விஷயம் ஒன்று. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான். அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். ‘இரண்டு வருஷம் அங்கே படிக்கட்டும், ஒத்துவராவிட்டால் கூட்டி வந்துவிடலாம்’ என்று நினைத்தால், அந்த வாய்ப்பு போய்விட்டிருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்று எட்டு வரை படித்து, ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வருபவர்களுக்கு மட்டும் விலக்கு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. பேரைப் பார்த்து அதையும் அரசுப் பள்ளி என்று நம்பிவிடுகிறவர்கள் உண்டு, கவனம்.

சரி, பாடத்திட்டத்துக்கு வருவோம். நீட் கேள்விகள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியலிலிருந்து வருகின்றன. ஆறாம் வகுப்பில் எந்த போர்டு என்பதை வைத்து அது முடிவாவதில்லை.

‘மனப்பாடம்’ என்று உங்கள் அண்ணன் சொல்வது ஒரு காலத்தில் பெரும்பாலும் உண்மைதான். பாடத்துக்குப் பின்னால் இருக்கும் கேள்வி, அதற்கு ஒரு நோட்ஸ், அதையே பரீட்சையில் எழுதுவது என்று ஓடியது. கல்வியாளர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வகுத்த பாடத்திட்டத்தில் 2018-லிருந்து புதிய புத்தகங்கள் வந்தன. பதினொன்று, பன்னிரண்டு அறிவியல் புத்தகங்கள் இப்போது கனமானவை. சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே கனம் என்பது என் எண்ணம். அந்தப் பக்கம் சிபிஎஸ்இ-யில் நடத்தும் என்சிஇஆர்டி புத்தகங்கள், ‘பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு பாடத்தை இணை’ என்ற 2005 தேசியக் கலைத்திட்டத்தின் வழியில் பேர் வாங்கியவை. ஆனால் அதே புத்தகத்தை வைத்து டிக்டேஷன் கொடுக்கும் சிபிஎஸ்இ வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டுக்கும் உள்ள நிஜமான வித்தியாசம், பாடம் யாரை மனதில் வைத்து எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது. மத்திய அரசுப் பணியில் ஊர் ஊராக மாற்றலாகும் குடும்பத்துப் பிள்ளைக்கும் ஏதுவாக, எந்த மாநிலத்திலும் ஒரே பாடம் என்பது சிபிஎஸ்இ. மாநிலத்தின் கவலை வேறு: முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளை உட்பட எல்லாரையும் வகுப்பில் தக்கவைக்க வேண்டும். இங்கே அது சண்டை போட்டு வந்த கொள்கை. 1953-இல் ராஜாஜி அரசு, தொடக்கப் பள்ளியில் மூன்று மணி நேரம்தான் வகுப்பு, மிச்ச நேரம் வீட்டுத் தொழில் பழகட்டும் என்றது. ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு கிளம்பி, 1954-இல் காமராசர் ஆட்சியில் அது போனது. 1956-இல் மதிய உணவு வந்தது. அப்புறமும் மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு பாடத்திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவற்றை ஒன்றாக்கிய சமச்சீர் கல்விச் சட்டம் 2010-இல்தான் வந்தது. அதுவும் மறு ஆண்டே நிறுத்தப்படும் நிலைக்குப் போய், உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் நடந்தது.

உங்கள் மகளின் பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் நிலையிலிருந்து பாடம் தொடங்கும். அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதனால் பள்ளியைத் தேடுவதற்கு முன் பிள்ளையைப் பாருங்கள். அவள் படிக்காத ஒரு நாளிதழ்ச் செய்தியைக் கொடுத்து, வாசித்துவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். நீள வகுத்தல், பின்னக் கணக்கு இரண்டு கொடுங்கள். தடுமாறினால் கோடை விடுமுறையில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

பிறகு, பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி, அண்ணன் சொல்லும் பள்ளி இரண்டுக்கும் நேரில் போங்கள். அறிவியல் நடத்த நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டு நாலைந்தைப் புரட்டிப் பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே விடை, ஒரே வரிசையில் இருந்தால் அங்கே கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறார்கள். அரசுப் பள்ளியில் ஆசிரியர் இருந்து நோட்டும் திருப்தியாக இருந்தால், நான் அங்கேயே சேர்ப்பேன்.