"கொஞ்சம் கஷ்டம், பார்க்கிறோம்" என்றால் என்ன பொருள்? பல நாட்டினருடன் வேலை: கேள்வி பதில்

கே: ஜப்பான் குழுவிடம் "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் கஷ்டம், பார்க்கிறோம்" என்றார்கள். வெள்ளி வந்தது, வேலை வரவில்லை. ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றவில்லை, அன்றே மறுத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதை அங்கே பெரும்பாலும் தவிர்ப்பார்கள். ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வியை விட்டுவிடுங்கள். "முதலில் எதை எடுப்பீர்கள்? எங்களிடமிருந்து என்ன வரவேண்டும்? பாதி வேலையை எந்தத் தேதியில் காட்டலாம்?" என்று கேளுங்கள். பதிலில் தேதி இல்லையென்றால் சிக்கல் இருக்கிறது. அப்போது இரண்டு வழி கொடுங்கள்: முழு வேலை அடுத்த புதன், அல்லது முதல் பகுதி மட்டும் இந்த வெள்ளி. யாரையும் மறுக்காமலே அவர்களால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இன்னொன்று, இதை மேலாளர் முன்னிலையில் கேட்காதீர்கள். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிக் கருத்தைத் திரட்டுவது அங்கே நடைமுறை, 'நெமவாஷி' என்பார்கள். புதுத் திட்டத்தைக் கூட்டத்தில்தான் முதன்முதலாக எடுத்தீர்கள் என்றால் மௌனம்தான் மிஞ்சும்.

கே: எங்கள் குழுவில் பல நாட்டினர். "சந்தேகம் இருக்கிறதா?" என்றால் யாருமே வாய் திறப்பதில்லை.

நீங்கள் இரண்டு விநாடிகூடப் பொறுத்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் மொழியில் பேசுபவர் வாக்கியத்தை மனதில் கோத்து முடிப்பதற்குள் அடுத்த தலைப்புக்குப் போயிருப்பீர்கள். ஏழெட்டு விநாடி சும்மா இருங்கள். பேச வேண்டியவற்றை முந்தின நாளே எழுதி அனுப்புங்கள். சாட்டில் கேட்டாலும் பதில் உண்டு என்று சொல்லிவைத்தால் பாதிப் பேர் அங்கே கேட்பார்கள்.

கே: நெதர்லாந்து மேலாளர் "இது தவறு, மாற்றுங்கள்" என்று ஒரே வரியில் எழுதுகிறார். என்மேல் கோபமா?

பெரும்பாலும் இல்லை. குறை வேலையில்தான், உங்கள்மேல் இல்லை. எந்தப் பகுதி என்று கேட்டுத் திருத்தி அனுப்புங்கள். நீண்ட மன்னிப்பு வேண்டாம், அதுதான் அவரைக் குழப்பும்.

கே: தேதி, நேரத்தில் அடிக்கடி குளறுபடி.

03/04 அமெரிக்கருக்கு மார்ச் 4, பிரிட்டிஷாருக்கு ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், அல்லது 2026-04-03 என்று ஆண்டை முன்னால் போடுங்கள். ஜெர்மனியில் 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. விலைப்பட்டியலில் இது விபரீதமாகும்.

நேரத்தில் மாட்டிக்கொள்வது மார்ச்சில். கோடைகால நேரத்துக்காக அமெரிக்கா இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறன்று. இடையில் இரண்டு மூன்று வாரம் இரு பக்கத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு மணி குறையும். கடிகாரத்தைத் திரும்பப் பின்னே தள்ளும்போது, அக்டோபர் இறுதியிலும் ஒரு வாரம் இதே கதை. ஜப்பான் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. வாராந்தரக் கூட்டம் எந்த நகரத்து நேரப்படி என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கே: வியட்நாம் சகாவை எந்தப் பெயரில் அழைப்பது?

அங்கே குடும்பப் பெயர் முதலில் வரும். அழைப்பது கடைசியில் வரும் சொந்தப் பெயரால். ஆனால் வெளிநாட்டாருக்காக வரிசையை மாற்றி எழுதுபவர்களும் உண்டு. "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.