நான்கு போர்ஷன் வீட்டை ஒத்திப் பணத்தில் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. மதுரையில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. கணவர் தனியார் நிறுவனத்தில் கணக்காளர். இருவருக்கும் சேர்த்து மாதம் 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. மாமனார் கட்டிய வீட்டில் இருப்பதால் வாடகை கிடையாது. செலவு போக 42,000 மிஞ்சுகிறது. வங்கியில் 20 லட்சம் இருக்கிறது, 30 பவுன் நகை இருக்கிறது. ஒரே மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மாட்டுத்தாவணிக்கு அப்பால் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு போர்ஷன் கொண்ட வீடு 80 லட்சத்துக்கு வருகிறது. போர்ஷனுக்கு 7,500 வாடகை. மாடிக்கு பிளான் அனுமதி இல்லை என்று வங்கியின் மதிப்பீட்டாளர் 60 லட்சம்தான் போட்டார். அதனால் 48 லட்சம்தான் கடன் கிடைக்கும். தரகர் ஒரு வழி சொல்கிறார். எங்கள் பணம் 14 லட்சம், இரண்டு போர்ஷனை 5 லட்சம் வீதம் ஒத்திக்கு விட்டால் 10 லட்சம், மீதி 8 லட்சத்துக்கு வீட்டுக்காரர் இரண்டு வருடம் பொறுத்துக்கொள்வார். அவர் பெங்களூருவில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார், அவசரமில்லை. பதிவுச் செலவுக்கு 6 லட்சம் கையில் நிற்கும். அமெரிக்காவில் இப்படித்தான் கைப்பணம் அதிகம் இல்லாமல் நான்கு குடித்தன வீடுகளை வாங்குகிறார்கள் என்று கணவர் காணொளிகளைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: இந்தத் திட்டப்படி வாங்காதீர்கள். வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதம் 42,000 மிச்சம் பிடிக்கிற குடும்பம் நான்கு குடித்தனம் உள்ள வீட்டுக்கு ஆசைப்படுவதில் தவறே இல்லை. பணம் புரட்டச் சொல்லியிருக்கும் வழிதான் தவறு.

முதலில் ஒத்தியைப் பார்ப்போம். ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பித் தரும்வரை வாடகையில்லாமல் குடியிருக்க விடுவதுதான் ஒத்தி. நம் ஊரில் ஒத்திப் பணத்தை வட்டியில்லாப் பணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். வாங்கும்போது வட்டி என்ற சொல் எங்கும் வருவதில்லை என்பதால் அப்படித் தோன்றுகிறது. ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு ஒரு போர்ஷனைக் கொடுத்தால் மாதம் 7,500 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுக்கிறீர்கள். வருடத்துக்கு 90,000. ஐந்து லட்சத்துக்கு 90,000 என்றால் 18% வட்டி. ஓரிரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும், வெள்ளையடிக்க வேண்டும் என்று கழித்தாலும் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. வங்கியில் எட்டரை சதவீதத்துக்குக் கடன் வாங்கத் தயங்கி யோசிக்கிற நீங்கள், அதைப்போல் இரண்டு மடங்கு விலையுள்ள கடனை இலவசம் என்று எண்ணி வாங்கப் போகிறீர்கள்.

அடுத்து, மாதக் கணக்கு. 48 லட்சத்துக்கு 20 ஆண்டு, 8.5% என்று வைத்தால் தவணை 41,655 ரூபாய். இரண்டு போர்ஷன் ஒத்திக்குப் போய்விட்டதால் வாடகை 15,000 மட்டுமே. மோட்டார் பழுது, கழிவுநீர்த் தொட்டி, சொத்து வரி, காலியாக இருக்கும் நாட்கள் எல்லாம் போக 13,000 நிற்கும் என்று வையுங்கள். மாதம் 28,655 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். மிச்சம் 13,345. இரண்டு வருடத்தில் அது 3.2 லட்சம் ஆகும். ஆனால் அன்றைக்கு வீட்டுக்காரப் பெரியவருக்குக் கொடுக்க வேண்டியது 8 லட்சம். ஒத்தி வழக்கமாக மூன்று வருடத்துக்குத்தான் எழுதுவார்கள். அடுத்த வருடமே 10 லட்சம் கேட்டு இரண்டு குடும்பங்கள் வாசலில் நிற்கும்.

அப்போது என்ன செய்வீர்கள்? மற்ற இரண்டு போர்ஷனையும் ஒத்திக்கு விட்டு இந்தக் கடனை அடைப்பீர்கள். வாடகை பூஜ்யம் ஆகிவிடும். அடுத்த மூன்றாண்டில் அந்த ஒத்தியைத் திருப்ப வேறு ஒத்தி தேட வேண்டியிருக்கும். இந்தச் சுழலில் மாட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் சொந்தமாக வைத்திருந்தும் அந்த வீட்டின் வாடகையை ஒரு மாதம்கூட முழுதாகக் கையில் வாங்காதவர்கள் அவர்கள்.

இதில் வட்டி ஏறும் அபாயத்தை நான் சேர்க்கவில்லை. நம் வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் மாறும் வட்டிக் கடன்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது நினைவிருக்கும். ஒரு சதவீதம் ஏறினாலே உங்கள் தவணை மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் கூடும். உங்கள் கணவர் காணொளியில் பார்த்த அமெரிக்காவில் 30 ஆண்டுக்கும் ஒரே வட்டி என்பது சாதாரணம். நான்கு குடித்தனம் வரை உள்ள வீட்டில் ஒன்றில் தானே குடியிருந்தால் 3.5% முன்பணத்தோடு அரசின் காப்புறுதி பெற்ற கடனும் அங்கே உண்டு. இந்த இரண்டும் இல்லாத ஊரில் அந்த உத்தியை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. வீட்டு வாடகைக்கும் வீட்டு விலைக்கும் உள்ள விகிதமும் நம்மிடம் சிறியது. நான்கு போர்ஷனையும் வாடகைக்கு விட்டாலும் 80 லட்சத்துக்கு வருடம் 3.6 லட்சம்தான், அதாவது 4.5%. கடன் வட்டியோ 8.5%. கடன் கூடக்கூட மாதாமாதம் சட்டைப்பையிலிருந்து போவதும் கூடும்.

பதிவுச் செலவிலும் துண்டு விழுகிறது. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 80 லட்சத்துக்கு 7.2 லட்சம். நீங்கள் ஒதுக்கியது 6 லட்சம். சாவி கைக்கு வருவதற்கு முன்பே சேமிப்பு தீர்ந்து, மேலும் 1.2 லட்சம் கடன் வாங்க வேண்டும். பத்திரத்தில் 60 லட்சம் போட்டுவிட்டு மீதியைக் கையில் கொடுத்தால் செலவு குறையும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். சொத்து வாங்கல் விற்றலில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். ஒத்திப் பணத்துக்கும் இதே தடை உண்டு. அங்கே வாங்குபவர் நீங்கள்.

என் மனதை உறுத்துவது வேறொன்று. அந்த இரண்டு ஒத்திக் குடும்பங்களும் உங்களுக்குப் பணம் தரும் நாளில் வீடு உங்கள் பெயரிலேயே இருக்காது. பதிவு முடிந்ததும் அது வங்கி அடமானத்துக்குப் போய்விடும். வங்கியின் சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் பாத்தியதை உண்டாக்கக் கூடாது என்று உங்கள் அடமானப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். முறைப்படி ஒத்தி என்பது அனுபவ பாத்தியதை அடமானம், அதாவது பணம் திரும்பும்வரை சொத்தை அனுபவிக்கும் உரிமை தரும் அடமானம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் இருக்கிறது, பதிவு செய்தால்தான் செல்லும். வங்கி சம்மதிக்காது என்பதால் யாரும் பதிவு செய்வதில்லை, வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்கிறார்கள். நாளைக்கு நீங்கள் தவணை தவறினால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டை ஏலம் விடலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். நகையை விற்று ஆறு லட்சம் ஒத்தி கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் கட்டாத கடனுக்காக வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் வீடு அடமானத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்தது. அந்த அம்மா முத்திரைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, "இதில் கையெழுத்து இருக்கிறதே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆசிரியையான நீங்கள் யாருக்கும் அந்த நிலையைக் கொடுக்க விரும்பமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இனி அந்தப் பள்ளத்தைப் பற்றி. விலை 80, வங்கி சொன்னது 60. இந்த 20 லட்சத்தைத்தான் தரகரின் திட்டம் ஒத்தியாலும் வீட்டுக்காரர் தரும் அவகாசத்தாலும் மூடப் பார்க்கிறது. முதலில் அது ஏன் வந்தது என்று பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 80% வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. வங்கி அந்த வரம்பு முழுவதும் உங்களுக்குத் தரத் தயாராக இருக்கிறது. அது நம்பாதது மாடியைத்தான். உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்துப்போய், மாடியை இப்போதைய விதிகளுக்குள் முறைப்படுத்த முடியுமா, பக்கவாட்டு இடைவெளி போதுமா என்று எழுதி வாங்குங்கள். முடியாது என்றால் இந்த வீட்டை விட்டுவிடுங்கள். உங்கள் வாடகையில் பாதி அந்த மாடியிலிருந்துதான் வருகிறது.

முடியும் என்றால் மதிப்பீட்டு அறிக்கையோடு பெரியவரிடம் உட்கார்ந்து விலை பேசுங்கள். என் கணக்கில் உங்கள் எல்லை 64 லட்சம். அதற்குப் பதிவுச் செலவு 5.76 லட்சம், தரகருக்கு ஒரு சதவீதம் என்றால் 64,000, மொத்தம் 70.4 லட்சம். வங்கி 48 தரும். உங்கள் 20 லட்சத்தில் 3 லட்சத்தை ஆபத்துக்கு என்று தொடாமல் வைத்தால் 17 போடலாம். இன்னும் 5.4 லட்சம் வேண்டும்.

இந்த 5.4 லட்சத்துக்குத்தான் கொஞ்சம் புத்திசாலித்தனம் தேவை. வீட்டுக்காரர் இரண்டு வருடம் பொறுக்கத் தயார் என்கிறீர்கள். அந்தப் பொறுமையை நீங்கள் பதிவுக்குப் பின்னால் கேட்கிறீர்கள். முன்னால் கேளுங்கள். ஐந்து லட்சம் முன்பணம் கொடுத்து, பதின்மூன்று மாத அவகாசத்தோடு கிரைய ஒப்பந்தம் போடுங்கள். தமிழ்நாட்டில் 2012-இல் வந்த திருத்தத்தின்படி கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறும். அவர் வேறொருவருக்கு விற்க முயன்றாலும் வாங்குபவர் கண்ணில் படும். அந்தப் பதின்மூன்று மாதமும் வாடகையை அவரே வாங்கிக்கொள்ளட்டும், அதுதான் அவர் காத்திருப்பதற்கான கூலி. உங்களுக்கோ தவணை தொடங்கியிருக்காது. மாதம் 42,000 வீதம் 5.46 லட்சம் சேர்ந்துவிடும். யாரிடமும் கடன் சொல்லாமல், வட்டி கொடுக்காமல், பள்ளம் நிரம்பிவிடும். மாடிக்கு அனுமதி வாங்கும் வேலையையும் அந்தக் காலத்துக்குள் அவர் பொறுப்பிலேயே முடிக்க வேண்டும், முடியாவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வங்கியின் கடன் அனுமதி சில மாதங்கள்தான் செல்லும், ஆகவே பதிவு நெருங்கும்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

அவர் அவ்வளவு காத்திருக்க மாட்டேன், பதிவை இப்போதே முடியுங்கள், பாக்கியைப் பிறகு கொடுங்கள் என்றால், பாக்கித் தொகையும் தேதியும் கிரையப் பத்திரத்திலேயே வர வேண்டும், வங்கிக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று பத்திரத்தில் எழுதிவிட்டுத் தனியாகப் புரோ நோட்டு வைத்துக்கொள்வது வங்கியிடம் பொய் சொல்வதாகும். நான்கு போர்ஷனும் வாடகையில் இருந்தால் தவணையும் பராமரிப்பும் போக மாதம் 25,845 மிஞ்சும், இரண்டு வருடத்தில் 6.2 லட்சம். ஐந்தரை லட்சத்துக்கு ஆறு சதவீத வட்டி கொடுத்தாலும் மயிரிழையில் அடைந்துவிடும். ஆனால் நான் பதின்மூன்று மாதத்தையே விரும்புவேன்.

நகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். வங்கி நகைக்கடன் ஒத்தியை விட மலிவுதான், சுமார் பாதி வட்டி. கடைசி நேரத்தில் ஓரிரு லட்சம் குறைந்தால் வைத்து மீட்கலாம். முழுத் திட்டத்தையும் அதன் மேல் நிறுத்தாதீர்கள், வருடம் முடிந்ததும் திருப்பச் சொல்வார்கள். வரியைப் பொறுத்தவரை, நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் வாடகையை மிஞ்சிய வட்டியைச் சம்பளத்தில் கழிக்க முடியாது; வரிச்சலுகை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கணக்குப் போடாதீர்கள். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால், பெரியவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகையிலும் 1% வரி பிடித்து அவர் பெயரில் கட்டுவது உங்கள் பொறுப்பு.

இதற்கெல்லாம் முன்னால், வரும் ஞாயிற்றுக்கிழமை தரகர் இல்லாமல் நீங்களும் கணவரும் அந்த வீட்டுக்குப் போய் நான்கு குடித்தனக்காரர்களிடமும் பேசுங்கள். தண்ணீர் எப்படி, போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று தொடங்கி, மாத வாடகையா ஒத்தியா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பதிவு செய்யாத ஒத்தி வில்லங்கச் சான்றில் தெரியாது. ஏற்கெனவே ஒரு போர்ஷன் ஒத்தியில் இருந்தால், அவர்கள் பணத்தை யார், எந்தத் தேதியில், எந்தக் காசோலையில் திருப்பித் தருகிறார் என்பது ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தொகையை 64 லட்சத்திலிருந்து கழித்துக்கொண்டு பேசத் தொடங்குங்கள்.