வாசகர் கேள்வி–பதில்: சாவிக் கடிகாரத்துக்கு ஏன் இத்தனை விலை?

கேள்வி: சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கே சில நொடிகள்தான் பிசகுகிறது. நாளுக்குச் சில நொடிகள் பிசகும் ஸ்விஸ் எந்திரக் கடிகாரத்துக்குப் பல லட்சம் ரூபாய் வாங்குவது எந்த வகையில் நியாயம்? (வாசகர், கோவை)

பதில்: துல்லியத்துக்காகத்தான் அந்த விலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது; இன்றைய எந்திரக் கடிகாரங்கள் பலவற்றில் நேரத்தை அளந்து ஓடவைக்கும் பேலன்ஸ் சக்கரம் நொடிக்கு 8 முறைதான் இப்படியும் அப்படியும் திரும்புகிறது. ஸ்விட்சர்லாந்தின் சோதனை நிலையம் 15 நாட்கள், 5 நிலைகளிலும் 3 வெப்பநிலைகளிலும் வைத்துப் பார்த்து 'குரோனோமீட்டர்' என்று சான்றளிக்கும் எந்திரமே சராசரியாக நாளுக்கு 4 நொடி வரை பிந்தலாம், 6 நொடி வரை முந்தலாம்.

உயர்ந்த ரகங்களில் பணம் கைவேலைக்குப் போகிறது. உள்ளே இருக்கும் சிறு உருக்குத் துண்டு ஒன்றை வைரப் பசை தடவிய வெள்ளீயத் தகட்டின் மேல் வைத்து, விரல் நுனியின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் நெடுநேரம் தேய்க்கிறார்கள். வேலை சரியாக முடிந்திருந்தால், அது ஒரு கோணத்தில் பளீரென்று வெண்மையாகவும், சற்றே சாய்த்தால் மை போலக் கருமையாகவும் தெரியும். தகடுகளின் விளிம்பைச் சாய்வாகச் செதுக்குவதைப் பெருமளவு ஆலை எந்திரங்களே செய்துவிடும் என்றாலும், இரண்டு விளிம்புகள் உட்புறமாகச் சந்திக்கும் கூர்மையான மூலைக்கு அரமும் மரக்குச்சியும் பிடித்த தேர்ந்த கைதான் வேண்டும். ஜெர்மனியின் கிளாஷூட்டே ஊரில் உள்ள ஆ. லாங்கே உண்ட் ஸோனே நிறுவனத்தில் ஒவ்வொரு எந்திரத்தையும் முழுவதுமாகப் பூட்டிச் சரிபார்த்து, பிறகு கழற்றி மெருகேற்றி, இரண்டாம் முறை பூட்டுகிறார்கள். பல லட்சம் கொடுக்கிறவர் இந்த உழைப்பு தம் கடிகாரத்தில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கேட்க வேண்டும்; பெரும் எண்ணிக்கையில் தயாராகும் புகழ்பெற்ற பிராண்டுகள் பலவற்றில் விலையின் கணிசமான பகுதி பெயருக்கும் கிராக்கிக்கும்தான் என்பதே என் கருத்து.

கேள்வி: குவார்ட்ஸ் வந்த பிறகும் இந்தத் தொழில் எப்படிப் பிழைத்தது? (வாசகர், மதுரை)

பதில்: பிழைத்ததே பெரிய செய்தி. ஜப்பானின் சைகோ நிறுவனம் 1969 டிசம்பர் 25 அன்று 'ஆஸ்ட்ரான்' என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 4,50,000 யென். அன்றைக்கு ஒரு சிறிய காரின் விலை அது. விலை சரிந்து குவார்ட்ஸ் எல்லார் கைக்கும் வந்தபோது, 1970 வாக்கில் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த ஸ்விஸ் கடிகாரத் தொழில், 1980-களின் நடுவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

அந்தக் காலத்து மனிதர்களில் நான் மிகவும் மதிப்பவர் ஷார்ல் வெர்மோ. ஸ்விட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் உள்ள ஜெனித் கடிகார ஆலையில் வேலை பார்த்தவர். 1969-இல் அறிமுகமான 'எல் பிரிமேரோ' என்ற ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறும்) குரோனோகிராஃப் (நிறுத்து கடிகார வசதியுள்ள) எந்திரத்தின் தயாரிப்பை நிறுத்தும்படி, ஆலையை வாங்கியிருந்த அமெரிக்க நிறுவனம் 1975-இல் உத்தரவிட்டது. அதைச் செய்வதற்கான அச்சுகளையும் கருவிகளையும் பழைய இரும்பாகப் போகவிட மனமில்லாத வெர்மோ, அவற்றுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி, எது எதற்கு என்று எழுதியும் வைத்து, ஆலையின் மாடி அறையில் மறைத்துவிட்டார். 1980-களில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது அந்தக் கருவிகளைக் கொண்டுதான். பின்னர் 1988-இல் ரோலக்ஸ் நிறுவனமே தன் 'டேடோனா' மாடலுக்கு இந்த எந்திரத்தை வாங்கி, மாற்றியமைத்துப் பயன்படுத்தியது.

கேள்வி: இந்தியாவோடு தொடர்புடைய ஆடம்பரக் கடிகாரம் ஏதேனும் உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: உண்டு, ஷேஜர் லெகூல்த்ர் என்ற ஸ்விஸ் நிறுவனத்தின் 'ரிவர்ஸோ'. இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி ஆட்டத்தில் உடைந்துபோனதால், முகப்பை அப்படியே புரட்டி உள்பக்கமாக மறைத்துக்கொள்ளும் சட்டத்துடன் 1931-இல் இது உருவானது.

கேள்வி: முதலீடாக ஒரு ரோலக்ஸ் வாங்கி வைக்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: ஏலச் செய்திகளைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நடிகரும் கார் பந்தய வீரருமான பால் நியூமனின் ரோலக்ஸ் டேடோனா 2017-இல் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அதன் பின்புறத்தில் 'வண்டியைப் பார்த்து ஓட்டு' என்று பொறித்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி. அந்த விலை அந்த வாழ்க்கைக்கு. ஜெனீவாவில் 2019-இல் 3 கோடியே 10 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்குப் போன பாடேக் ஃபிலிப் நிறுவனக் கடிகாரம், அறக்கொடை ஏலத்துக்கென்றே செய்யப்பட்ட ஒற்றைப் பிரதி. கடையில் வாங்கும் கடிகாரத்தை இவற்றோடு ஒப்பிட வேண்டாம். 2022 தொடக்கம் வரை ஏறிக்கொண்டே போன மறுவிற்பனை விலைகள், அதன் பின் பல மாடல்களில் கடுமையாகச் சரிந்தன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிச் சர்வீஸ் செய்யும் செலவும் இருக்கிறது. இந்தியாவில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு, 2025 ஏப்ரலிலிருந்து விற்பவரே 1 சதவீத வரியை முன்கூட்டி வசூலிக்கிறார், அதை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம். தினமும் கட்டிக்கொள்ளும் ஆசை இருந்தால் வாங்குங்கள். லாபத்துக்காக என்றால் வேண்டாம்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கடிகாரத்தில் இரவில் தேதியை மாற்றக் கூடாது என்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

பதில்: உண்மைதான். பெரும்பாலான எந்திரங்களில் இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் அதனோடு கோத்திருக்கும். அப்போது திருகைப் பிடித்துத் தேதியை நகர்த்தினால் பல் முறியக்கூடும். முதலில் முட்களைத் திருப்பி 6 மணிக்குக் கொண்டுவந்து, தேதியைச் சரிசெய்து, அதன் பிறகு நேரத்தை வையுங்கள்.