வாசகர் கேள்வி – பதில்: ஐந்தாம் நாளில் நின்றுபோன நடை

கேள்வி: எனக்கு 46 வயது. நகரிலுள்ள ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறினால், மாலைவரை கதிரையிலேதான் இருப்பு. இரவில் கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே பதினொன்றரை ஆகிவிடுகிறது. எந்நேரமும் சோர்வு; பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். சித்திரை வருடப்பிறப்பன்று சீனியை விடுவது, விடியுமுன் கடற்கரையில் நடப்பது, ஒன்பது மணிக்குப் படுப்பது என்று முடிவெடுத்தேன். ஐந்தாம் நாள் மகனுக்குக் காய்ச்சல். அத்தோடு எல்லாம் நின்றுவிட்டன. எனக்கு மனவுறுதி போதாதா?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: வீடு முழுவதும் உறங்கும் நேரத்தில் ஆண்டுக்கணக்காக எழுந்து அடுப்பு மூட்டும் ஒருவருக்கு மனவுறுதி போதாது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிழை நீங்கள் வகுத்த திட்டத்தில் இருக்கிறது. விடியுமுன் நடக்கும் நேரத்தை உறக்கத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஐந்து மணித்தியாலமே உறங்கும் உங்களிடம் எடுப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணித்தியால உறக்கம் வேண்டும். அது குறைந்தால் எரிச்சலும் கூடும், இனிப்பின் மேலுள்ள நாட்டமும் கூடும். ஆகவே நடையையும் சீனியையும் இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, உறக்கத்திலிருந்து தொடங்குங்கள். கைத்தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போட்டுவிட்டு, படுக்கும் நேரத்தை வாரத்துக்குக் கால் மணித்தியாலமாக முன்னுக்குக் கொண்டுவந்தால், இரண்டு மாதத்தில் ஒன்பதரைக்கே கண் அயரும்.

நடையை அதன் பிறகு மாலைக்கு மாற்றுங்கள். நமக்குக் கடல் கிழக்கே இருப்பதால் காலை வெயில் முகத்தில் அடிக்கும், மாலையில் கரை தணிந்திருக்கும். வீடு திரும்பும்போது ஓரிரு தரிப்பிடம் முன்னதாக இறங்கி அரை மணித்தியாலம் நடந்தால், வாரத்தில் ஐந்து நாளுக்கு 150 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் குறைந்த அளவும் அதுவே. எப்படியும் பஸ்ஸில் வரத்தான் போகிறீர்கள் என்பதால், இதற்கெனத் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. அயலிலிருந்து வேலைக்குப் போகும் ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் மனம் விட்டுப் பேசிக்கொண்டு நடப்பவருக்குத் தூரம் தெரிவதில்லை, அந்தப் பேச்சே பாதிச் சுமையை இறக்கிவிடும். மாரி மழையில் வெளியே போக முடியாத நாட்களில் விறாந்தையில் பத்து நிமிடம் நடந்தாலும் போதும்.

இடையில் ஒரு நாள் தவறினால் எல்லாம் போய்விட்டதென்று எண்ணாதீர்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசனையின்றி நடக்கும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆகின்றன என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடலாம் என்றும் கண்டார்கள். ஒரு நாள் தவறியது அந்த வளர்ச்சியைக் கெடுக்கவில்லை. உங்கள் மகனின் காய்ச்சல் ஆறாம் நாளைப் பறிக்கவில்லை. நீங்கள்தான் அதை விட்டுக்கொடுத்தீர்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். இத்தனை சோர்வுக்கு இரத்தச்சோகையோ தைரொயிட் குறைபாடோ காரணமாக இருக்கலாம். 35 வயதைக் கடந்தவர்களுக்கு அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. இந்த மாதமே ஒரு நாள் விடுப்பெடுத்துப் போய், சோர்வைப் பற்றியும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தேநீருக்குச் சீனியை விட்டுப் பனங்கட்டி கடித்துக்கொள்கிறேன். நீரிழிவுக்காரருக்கு இது நல்லதுதானே?
– ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: பனங்கட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், இரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றும். கடித்துக் குடிக்கும்போது சிறு துண்டோடு நிறுத்த முடிவது ஒரு வசதி, அவ்வளவே. வாரத்துக்கு வாரம் துண்டைச் சிறிதாக்கி வாருங்கள்; வெறும் தேநீரின் சுவை சில வாரங்களில் நாவுக்குப் பழகிவிடும்.