அழுவதற்கு எனக்கு உரிமை உண்டா?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் கூடும் வாசகர் வட்டத்தில், சென்ற மாதம் ஈரானிய எழுத்தாளர் அசர் நஃபீசியின் ‘ரீடிங் லோலிட்டா இன் தெஹ்ரான்’ என்ற நினைவு நூலைப் பற்றிப் பேசினோம். முக்காடு அணிய மறுத்ததால் 1981இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட அந்தப் பேராசிரியை, 1995இல் இன்னொரு பல்கலைக்கழகப் பணியையும் துறந்துவிட்டு, மாணவியர் ஏழு பேரை வியாழக்கிழமை காலைகளில் தம் வீட்டுக்கு வரவழைத்து நாவல்களை விவாதித்தார். வீட்டுக்குள் வந்ததும் அவர்கள் கறுப்பு அங்கியைக் களைய, உள்ளிருந்து வண்ணங்கள் வெளிப்படும் பகுதியை ஒருவர் வாசித்தபோது நான் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

நான் புத்தகத்தை எடுத்தால் என் கணவர் ஒன்றும் சொல்வதில்லை. விளக்கை மட்டும் அணைத்துவிடுவார். பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் ஒளித்து வைத்துத்தான் இந்த நூலையே படித்து முடித்தேன். இதைச் சொன்னதும், “அவர்களுடைய துயரத்தோடு உங்கள் வீட்டுக் கதையைச் சேர்க்காதீர்கள்” என்றார் ஒரு நண்பர். அதன்பின் நான் அங்கே போகவில்லை. என் அழுகை பொய்யா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பொய்யில்லை. ஆயினும் அந்த நண்பர் சொன்னதில் பாதி உண்மை என்பதை முதலில் ஏற்றுக்கொள்வோம். முடி வெளியே தெரிந்ததற்காகப் பெண்ணைத் தண்டிக்கும் அரசும் விளக்கை அணைக்கும் கணவரும் ஒன்றல்ல. அந்த மாணவியரில் சிறை சென்று மீண்டவர்களும் உண்டு. நஃபீசியே இந்த வரம்பைக் கவனமாகக் காக்கிறார்: தாங்கள் நபகோவின் ‘லோலிட்டா’ நாவலில் வரும் சிறுமி லோலிட்டா அல்ல, ஈரானை ஆண்ட மதத்தலைவரான அயத்துல்லா அந்நாவலில் அவளை வதைக்கும் ஹம்பர்ட்டும் அல்ல என்று வெளிப்படையாக எழுதுகிறார். ஆனால், பன்னிரண்டு வயதுச் சிறுமியைத் தன் கற்பனைப் பெண்ணாக்கி அவளுடைய வாழ்வையே ஒருவன் பறித்துக்கொள்ளும் அந்தக் கதை தெஹ்ரானில் ஏன் அவ்வளவு நெருக்கமாக இருந்தது என்று சொல்லும்போது, ஒருவரின் வாழ்வை மற்றொருவர் கைப்பற்றுவதே அதிலுள்ள கொடுமை என்கிறார். அந்த மாணவியரிடம் நீங்கள் அடையாளம் கண்டதும் இதைத்தான்; அவர்கள் பட்ட பாட்டின் அளவை நீங்கள் உரிமை கோரவில்லை.

“என்னைவிடத் துன்பப்பட்டவர்கள் இருக்கும்போது...” என்று தொடங்கிப் பாதியில் நிறுத்துபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். ஒப்பிட்டு ஒப்பிட்டே தம் வலியை விழுங்கிவிடுவார்கள்; விழுங்கியது பிறகு நாலு பேர் நடுவில், யாரோ வாசிக்கும் ஒரு பக்கத்தைக் கேட்டதும் பீறிட்டுவிடும். உங்களுக்கு நேர்ந்ததும் அதுவே என்று நினைக்கிறேன்.

வட்டத்துக்குத் திரும்பிப் போங்கள். ‘தி கிரேட் கேட்ஸ்பி’ ஒழுக்கக்கேடான நாவல் என்று மாணவர் ஒருவர் எதிர்த்தபோது நஃபீசி அதை மூடி வைத்துவிடவில்லை; வகுப்பையே நீதிமன்றமாக்கி, அவரையே வழக்குத் தொடுப்பவராக்கி, குற்றம் சாட்டப்பட்ட நாவலாகத் தாமே நின்றார். எனக்கு அந்த நூலில் மிகப் பிடித்த இடம் இது. நண்பரின் மறுப்பையும் நீங்கள் அவ்வாறே எதிரில் அமர்ந்து கேட்டு, பதில் சொல்லலாம்.

கணவரிடம் சண்டையில்லாத ஒரு பகல் வேளையில், “இரவில் அரை மணி நேரம் எனக்கு விளக்கு வேண்டும்” என்று நேராகக் கேளுங்கள். அவருக்கு உறக்கம் கெடுகிறது என்பது மட்டும்தான் காரணமென்றால், ஒரு சிறிய மேசைவிளக்கில் இது தீர்ந்துவிடும். கேட்பதற்கே அச்சமாக இருந்தால், அதை மறைக்காமல் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.