குளச்சலில் ஓட்ட எந்தக் கார்: புதுசா, பழசா?

கேள்வி: குளச்சலில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. வேலை நாகர்கோவிலில். கைக்கு வரும் சம்பளம் 45,000 ரூபாய், கையிருப்பு 2.5 லட்சம். பிள்ளைகள் இரண்டு பேர், மழைக்காலத்தில் பைக் சரிப்படவில்லை. ஆன் ரோடு 6.5 லட்சத்துக்குப் புதுக் கார் பார்த்தோம். 1.5 லட்சம் முன்பணம் போக, 7 வருடத் தவணை மாதம் 8,300 என்கிறார்கள். மார்த்தாண்டத்தில் 2020 மாடல் பெட்ரோல் கார் ஒன்றும் 3.5 லட்சத்துக்கு இருக்கிறது. கேரள ரெஜிஸ்ட்ரேஷன் என்பதால் விலை குறைவாம். பத்து வருடமாவது ஓட்ட வேண்டும். எதை எடுக்கலாம்?

பதில்: பழசை எடுங்கள். ஆனால் மார்த்தாண்டத்து வண்டியைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை.

முதலில் கடன் கணக்கு. 5 லட்சத்துக்கு 10 சதவீத வட்டியில் 84 மாதம் கட்டினால் மொத்தம் 6.97 லட்சம் போகும். அதில் வட்டி மட்டும் 1.97 லட்சம். பழைய காருக்கு 1.5 லட்சம் கையிலிருந்து போட்டு, மீதி 2 லட்சத்தை 12 சதவீதத்தில் 36 மாதக் கடனாக வாங்கினால் தவணை 6,640, மொத்த வட்டி 39,000 சொச்சம். தவணையில் வித்தியாசம் 1,660 ரூபாய்தான். ‘இவ்வளவுதானே’ என்று புதுசுக்குச் சாய்வது இந்த இடத்தில்தான். ஆனால் ஒன்று மூன்று வருடத்தில் முடிகிறது, மற்றது உங்கள் மூத்த பிள்ளை கல்லூரி போகும்வரைகூட இழுக்கலாம்.

பழைய கார் கடனில் ‘9 சதவீதம்தான்’ என்று யாராவது சொன்னால், பிளாட் வட்டியா, அதாவது அசல் குறைந்தாலும் முழுக் கடனுக்கும் கடைசிவரை போடும் வட்டியா என்று கேளுங்கள். 3 ஆண்டுக்கு 9 சதவீத பிளாட் என்பது, குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் 16 சதவீதத்தைத் தாண்டும்.

விலை பேசும்போது ஒரு பிடி: 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. விற்பவர் தான் அன்று கொடுத்த விலையிலிருந்து கழித்துச் சொல்வார். அதே மாடல் இன்று புதுசாக என்ன விலை என்பதிலிருந்துதான் நீங்கள் கழிக்க வேண்டும்.

இனி உங்கள் ஊருக்கே உரிய விஷயம்: துரு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் நின்ற வண்டி மேலே பளபளவென்று இருக்கும், அடியில் அரித்திருக்கும். எஞ்சினைச் சரிசெய்ய முடியும். பாடியின் அடிச்சட்டம் அரித்துவிட்டால் டிங்கரிங் செலவுக்கு முடிவே இல்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஏற்ற விடமாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம். கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள்: ‘டங்’ என்றால் இரும்பு, ‘டொக்’ என்றால் உள்ளே பட்டி பூசியிருக்கலாம். துணியில் சுற்றிய காந்தத்தை வீல் ஆர்ச் ஓரம் வைத்தால், பட்டி கனமாக உள்ள இடத்தில் ஒட்டாது. டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்டெப்னி குழியைப் பாருங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைத்திருந்தால் உள்ளிருந்தே அரித்திருக்கும். பிரேக் பைப்பையும் ஏசி கண்டன்சரையும் மெக்கானிக்கிடம் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக்காற்று இவற்றையும் விடாது. அடியில் அப்போதுதான் அடித்த கறுப்புக் கோட்டிங் மின்னினால் சந்தேகப்படுங்கள், துருவுக்கு மேல் பூசியிருக்க வாய்ப்புண்டு.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தென்மாவட்டங்களில் நிறைய வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் திரும்பிவிடுங்கள்.

கேரள வண்டியின் விலைக் குறைவு பாதி மாயை. அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் ஃபார்ம் 28-இல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி மறுபடியும் கட்டி, ரெஜிஸ்ட்ரேஷன் எண் மாற்ற வேண்டும். வரி எவ்வளவு என்று மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்து, அதை 3.5 லட்சத்தோடு கூட்டிய பிறகு, அதே மாடல் உள்ளூர் ரெஜிஸ்ட்ரேஷன் (டிஎன் 74 அல்லது 75) வண்டியோடு ஒப்பிடுங்கள். ஒரு நல்ல பக்கமும் உண்டு: கடலோரம் பார்க்காத வண்டியாக இருந்தால் அடி சுத்தமாக இருக்கலாம்.

எந்த மாடல்? உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்கிற பெட்ரோல், மேனுவல் கியர் வண்டி போதும். ஃபோர்டு, டட்சன் மலிவாகக் கிடைக்கும். இரண்டும் இங்கே உற்பத்தியை நிறுத்திவிட்டன. பத்து வருடக் கணக்குக்கு ஒத்துவராது. டீசலும் வேண்டாம். மாதம் 500, 600 கிலோமீட்டர் குறுகிய ஓட்டத்தில் பிஎஸ் 6 (புதிய மாசு விதி) டீசலின் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

வாங்கியதும் டயர், பேட்டரி, ஆயில், பிரேக் என்று 40,000 ரூபாய் தனியாக வையுங்கள். டயரின் பக்கவாட்டில் ‘2319’ என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரம் செய்தது, மாற்ற வேண்டியதுதான். இதுவும் போக 60,000 மிஞ்சும், அதைத் தொடாதீர்கள். பைக்கையும் விற்க வேண்டாம். வெயில் நாளில் தனியாக ஆபீஸ் போக அது போதும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலும், தினமும் காரில் போனால் வரும் மாதம் 1,000 கிலோமீட்டருக்கு 6,250 ரூபாய் ஆகிறது. பாதியாகக் குறைத்தால் இன்ஷூரன்சுக்கும் சர்வீசுக்கும் அதிலிருந்தே வந்துவிடும்.

பணம் கொடுக்கும் வரிசை முக்கியம். முதலில் சிறு அட்வான்ஸ். பழைய கடன் பாக்கி இருந்தால் வங்கியின் என்ஓசியும், ஆர்சியில் உள்ள கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-உம் கைக்கு வர வேண்டும். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் விற்பவர் கையெழுத்துப் போட்ட பிறகு மீதித் தொகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். 14 நாளுக்குள் இன்ஷூரன்சை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) அவருக்கே சொந்தம். அந்தச் சலுகை போன பிறகு பிரீமியம் எவ்வளவு கூடும் என்று கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டு, அதையும் விலைப் பேச்சில் சேருங்கள்.