ரிவால்வரில் வெடிக்கிற தோட்டா பிஸ்டலில் ஏன் சிக்குகிறது?

கேள்வி: என்னிடம் இருப்பது .44 மேக்னம் தோட்டா போடும் டெசர்ட் ஈகிள் பிஸ்டல். தோட்டாக்களை அடுக்கிப் பிடியில் செருகும் மேகசின் ஒன்று காலியாவதற்குள் ஒருமுறையாவது சிக்கிவிடுகிறது. அதே பெட்டித் தோட்டா நண்பரின் ரிவால்வரில் ஒன்றுகூடப் பிசகுவதில்லை. கோளாறு பிஸ்டலிலா, தோட்டாவிலா? எதை வாங்குவது?

பதில்: ரிப்பேருக்கு அனுப்பும் முன் தோட்டாவைக் கவனியுங்கள். ரிவால்வரில் உருளையைச் சுற்றுவது உங்கள் கை. தோட்டா பலமாக வெடித்தாலும் மெதுவாக வெடித்தாலும் அது சுற்றும். உங்கள் பிஸ்டலில் காலிக் கூட்டை வெளியே எறிந்து அடுத்ததை ஏற்றுகிற வேலை முழுவதையும் தோட்டாதான் செய்தாக வேண்டும். அதுவும் டெசர்ட் ஈகிள் சாதாரண 9 எம்எம் பிஸ்டல் மாதிரி பின்னுதைப்பில் ஓடுவதில்லை, ராணுவ ரைஃபிள்களைப் போல வாயுவில் ஓடுகிறது. சேம்பருக்கு, அதாவது தோட்டா வெடிக்கும் அறைக்கு, சற்று முன்னால் குழலில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதன் வழியே வாயு இறங்கி, அடியில் இருக்கும் குழாயில் முன்பக்கம் போய், அங்கே ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் கனமான பகுதியை, பின்னால் தள்ளுகிறது. வாயுவில் வேகம் இல்லையென்றால் ஸ்லைடு பாதி வழியிலேயே திரும்பிவிடும்.

அதனால் 240 கிரெயின், அதாவது சுமார் 15.5 கிராம் எடையுள்ள, செம்பு உறை போட்ட குண்டும் முழு அளவு வெடிமருந்தும் கொண்ட மேக்னம் தோட்டாவாகப் பார்த்து வாங்குங்கள். இதே பிஸ்டல் .357 மேக்னம் தோட்டாவுக்கானது என்றால் 158 கிரெயின், .50 ஏஇ (ஆக்‌ஷன் எக்ஸ்பிரஸ்) என்றால் 300 அல்லது 325. உதைப்பு குறைவு என்று பெட்டியில் போட்டிருந்தால் வாங்க வேண்டாம். உறையில்லாத ஈயக் குண்டு கண்டிப்பாகக் கூடாது, அதன் துகள்கள் வாயுத் துளையிலேயே போய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் நல்ல தோட்டா போட்டாலும் சிக்கும். இரண்டு மூன்று கம்பெனித் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒரு மேகசின் ஒழுங்காக ஓடியதை வைத்து முடிவு கட்டாதீர்கள், ஒத்துவருகிற தோட்டாவில் இன்னும் சில பெட்டி சுட்ட பிறகுதான் நான் அதை நம்புவேன்.

எப்படிச் சிக்குகிறது என்பதையும் பாருங்கள். காலிக் கூடு ஸ்லைடின் வாயில் நட்டுக்குத்தலாக மாட்டி நின்றாலோ, ஸ்லைடு புதிய தோட்டாவை எடுக்காமல் மூடிக்கொண்டாலோ பெரும்பாலும் வேகம் போதவில்லை. தோட்டாவின் மூக்கு உள்ளே நுழையாமல் முட்டி நின்றால் குண்டின் வடிவம், நீளம், மேகசின் இந்த மூன்றில் ஒன்று. .44, .357 இரண்டும் அடியில் விளிம்பு துருத்திய தோட்டாக்கள், ஆகவே மேகசினில் நிரப்பும்போது மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தோட்டாமேல் போடுகிற பழியில் பாதி இதற்கு உரியது. மணிக்கட்டு தளர்ந்தால் பிஸ்டல் மொத்தமும் கையோடு பின்னால் போய்விடும், ஸ்லைடு முழுதாக ஓடாது. இன்னொன்று, இந்த பிஸ்டலின் மேகசின் உள்ளே இறுக்கமாக நிற்பதில்லை, கொஞ்சம் ஆடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இடது உள்ளங்கையை மேகசினின் அடியில் முட்டுக்கொடுத்து மேலே தள்ளிப் பிடித்தாலும் சிக்கும், அந்தப் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

கேள்வி: காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவை நானே நிரப்புகிறேன். ரிவால்வருக்கு நிரப்பும் அதே அளவு இதற்கும் சரிவருமா?

பதில்: ரிவால்வருக்கு மென்மையாக நிரப்பியது இதில் ஓடாது. சீக்கிரம் எரிந்து முடிகிற மருந்தைக் கொஞ்சமாகப் போட்டால் துளைக்கு வருகிற வாயுவில் தள்ளுவதற்குத் தெம்பு இருக்காது, மெதுவாக எரிகிற மேக்னம் மருந்துதான் வேண்டும். அதற்காக அளவை நீங்களாக ஏற்றாதீர்கள். .44 மேக்னத்துக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் அழுத்த உச்சம் 36,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), மருந்துக் கம்பெனி அச்சிட்ட கையேட்டின் அளவைத் தாண்டவே கூடாது. மொத்த நீளம் 1.610 அங்குலத்துக்குள் இருக்கட்டும். கூட்டின் வாயைக் குண்டோடு நன்றாக மடித்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் உதைப்பில் குண்டு நகர்ந்துவிடும்.

ஒரு தோட்டா வழக்கத்துக்கு மாறாக ‘பொத்’ என்று மெலிதாக வெடித்தால், ஸ்லைடைக் கையால் இழுத்து அடுத்ததைச் சுட்டுவிடாதீர்கள்! குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். முனையைப் பாதுகாப்பான பக்கம் வைத்துக்கொண்டு, தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழல் காலியா என்று பார்த்த பிறகுதான் மற்றது.

கேள்வி: பயிற்சிக்கு .44 ஸ்பெஷல் போடலாமா?

பதில்: வேண்டாம். மேக்னத்தைவிடக் கூடு 3 மில்லிமீட்டர் குட்டை, அழுத்தமும் மிகக் குறைவு, ஸ்லைடை ஓட்ட அதற்குப் பலம் கிடையாது. .357-இல் .38 ஸ்பெஷல் போடுவதற்கும் இதே பதில்தான்.